சூப்பர்ஹீரோ படத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகலாமா? வயதுச் சான்றிதழைப் படித்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகனுக்கு அப்போது ஏழு வயது. ஒரு சூப்பர்ஹீரோ படத்துக்கு அவனை அழைத்துப் போயிருந்தேன். திரையில் பாதி நகரம் இடிந்து விழுந்தது. கட்டடங்கள் சரிந்தன, கார்கள் வெடித்துச் சிதறின. அவன் காலை ஆட்டிக்கொண்டு நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பகுதியில் நாயகன் வீட்டுக்கு ஓடி வருகிறான். அம்மா தரையில் கிடக்கிறாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "அம்மா, எழுந்திரு" என்று இரண்டு முறை கூப்பிடுகிறான், அவள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் காட்சி. அன்றிரவு தொடங்கி, அக்கா தூங்கிய பிறகு அவன் மெல்ல எழுந்து வந்து அவள் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்திருக்கிறான், மூச்சு வருகிறதா என்று.

சான்றிதழில் பிழை எதுவும் இல்லை. அது ரத்தத்தையும் ஆயுதத்தையும் கெட்ட வார்த்தையையும் எண்ணியது, சரியாகவே எண்ணியது. பிள்ளை வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தான். சான்றிதழை எப்படிப் படிப்பது, அது சொல்லாமல் விடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

முதல் படி: எழுத்து தடுக்கிறதா, எச்சரிக்கிறதா?

பலரும் தடுமாறும் இடம் இது. வயது எண்ணைப் பார்த்ததும் அதைச் சட்டம் போட்ட வேலி என்று நினைத்துவிடுகிறோம். சில எண்கள் வேலி. சில எண்கள் வெறும் அறிவிப்புப் பலகை.

இந்தியாவில் 'ஏ' என்பது வேலி. 18 வயது நிரம்பாதவரைப் பெற்றோர் கூட வந்தாலும் உள்ளே விடக்கூடாது. 'யு/ஏ' அப்படியல்ல, முடிவைப் பெற்றோரிடமே விட்டுவிடுகிறது. 1983 முதல் இருந்துவரும் அந்த ஒரே பிரிவை, 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. ஆகவே 'யு/ஏ 16+' என்ற படத்துக்கு ஒன்பது வயதுப் பிள்ளையுடன் நீங்கள் போனால் சட்டம் உங்களைத் தடுக்காது. அந்த 16 உங்களுக்காக எழுதப்பட்டது, டிக்கெட் கிழிப்பவருக்காக அல்ல.

அமெரிக்காவில் 'பி.ஜி.-13' (பதின்மூன்றுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை) வெறும் எச்சரிக்கை. அதற்கு அடுத்த 'ஆர்' பிரிவிலும் 17 வயதுக்குக் கீழே உள்ளவர் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வந்தால் போதும். அதாவது ஐந்து வயதுக் குழந்தையைக்கூடத் தாய் தந்தையர் அந்தப் படத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். அங்கே இந்த முறை 1968இல் திரைத்துறையே தனக்கு வகுத்துக்கொண்டது, அரசுச் சட்டம் அல்ல. பிரிட்டனில் '12ஏ' என்றால் பன்னிரண்டுக்குக் கீழே உள்ளவர் பெரியவர் ஒருவருடன் வரலாம். '15' என்றால் யார் கூட வந்தாலும் அந்த வயதுக்குக் குறைந்தவருக்கு அனுமதி இல்லை. சிங்கப்பூரில் 'பி.ஜி.13' ஆலோசனை மட்டுமே, 'என்.சி.16' தொடங்கித்தான் வேலி. ஜெர்மனியிலோ 12 என்று குறித்த படத்துக்கு ஆறு வயது நிரம்பிய பிள்ளை பெற்றோருடன் போகலாம்.

ஒரு சிறு இடைச்செருகல். 12, 13 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அவற்றின் மீது இருக்கும் அளவுக்கு மீறிய மரியாதை கொஞ்சம் குறையும். 1984இல் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்', 'கிரெம்லின்ஸ்' ஆகிய இரண்டு படங்களும் சிறுவருக்கு ஏற்ற 'பி.ஜி.' பிரிவில் வந்து பெற்றோரின் கோபத்தைச் சம்பாதித்தன. இரண்டிலும் பங்கிருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கே இடையில் ஒரு பிரிவு வேண்டும் என்று யோசனை சொல்ல, அதே ஆண்டு ஜூலையில் 'பி.ஜி.-13' பிறந்தது. பிரிட்டனில் இந்த வரலாற்றிலேயே சூப்பர்ஹீரோக்கள்தான் வந்து நிற்கிறார்கள். 1989இல் புதிதாக வந்த '12' என்ற சான்றிதழை முதலில் பெற்ற படம் 'பேட்மேன்'. 2002இல் 'ஸ்பைடர்-மேன்' படத்துக்கு அதே 12 கிடைத்தபோது, பார்க்க முடியாமல் போன சிறுவர்களுக்காகச் சில ஊர்களின் உள்ளாட்சி மன்றங்கள் தாங்களாகவே விதியைத் தளர்த்தின. அந்த ஆகஸ்ட் மாதமே பெரியவருடன் வரலாம் என்ற '12ஏ' நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. குழந்தை மனத்தை அளந்து வகுத்த கோடுகள் என்று இவற்றை நினைக்க வேண்டாம். கோபத்துக்கும் வசூலுக்கும் இடையே நடந்த பேரத்தில் விழுந்த கோடுகள் இவை.

இரண்டாம் படி: எழுத்துக்குக் கீழே உள்ள வரியைப் படியுங்கள்

பெரிய எழுத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இன்ன காரணத்தால் இந்தப் பிரிவு என்று. விளம்பரத்தில் இதைக் கண்ணில் படாதபடிதான் அச்சிடுவார்கள். ஓடிடியில் படம் தொடங்கும்போது மேல் மூலையில் சில நொடிகள் தோன்றி மறையும். உண்மையான தகவல் அங்கேதான் இருக்கிறது.

'அதிரடிக் காட்சிகள்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஓட்டமும் வெடிப்பும். 'அறிவியல் புனைவு வன்முறை' என்றால் அடி வாங்குவது இயந்திரமோ வேற்றுக்கிரக உயிரோ என்று எடுத்துக்கொள்ளலாம். 'கடுமையான' என்ற சொல்லோடு 'ரத்தம்' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் அது பெரியவர்களின் படம், அதில் பேச்சுக்கே இடமில்லை. நான் முதலில் தேடுவது வேறொரு சொல்லை: 'மனத்தைக் கலங்கடிக்கும் காட்சிகள்'. வன்முறை என்ற சொல்லைவிடச் சிறு பிள்ளைகளின் தூக்கத்தை இதுதான் அதிகம் கெடுக்கிறது. சித்திரவதை, உடல் உருமாறுதல், பெற்றோர் மரணம், குழந்தை கடத்தப்படுதல் எல்லாம் இந்த ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும்.

இப்போது அந்த 13 என்ற கோட்டின் மேல் படம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க விதிப்படி அந்தப் பிரிவில் வன்முறை இருக்கலாம். ஆனால் அது நிஜம்போலவும் இருந்து, கூடவே மிகக் கொடூரமாகவோ விடாமல் தொடர்வதாகவோ இருக்கக்கூடாது. மிகக் கொச்சையான ஒரு குறிப்பிட்ட வார்த்தை ஒரு முறைக்கு மேல் வந்தால் படம் பொதுவாக 'ஆர்' பிரிவுக்குப் போய்விடும். இறப்பவர்களின் எண்ணிக்கைக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வில்லன் ஒருவனின் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான். கேமரா முகத்தை விட்டுக் காலுக்கு இறங்குகிறது. கால்கள் உதறுகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. நெரியும் ஒலி மட்டும் கேட்கிறது. இது 13க்குள் அடங்கிவிடும். கேமரா முகத்திலேயே நிலைத்து, விழி பிதுங்குவதையும் வாயோரம் ரத்தம் வழிவதையும் காட்டினால் அடுத்த பிரிவுக்குப் போகக்கூடும். இரண்டிலும் நடந்தது ஒரே கொலை. தணிக்கைக் குழுவுக்குக் கேமராவின் இடம் முக்கியம். பிள்ளைக்கோ அந்த ஒலி போதும்.

எதிரிப் படை எப்போதும் ரோபோக்களாகவும் முகமூடி அணிந்தவர்களாகவும் இருப்பதற்கும் இதுவே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உலோகத்தைக் கிழித்தால் எண்ணெய்தான் கொட்டும்; யாரும் கணக்கில் வைப்பதில்லை. ரத்தம் இல்லாத இந்த வன்முறைதான் பிள்ளைகளுக்கு நல்லது என்று பலர் சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. நூறு பேர் சாகிறார்கள், ஒருவருக்கும் வலிக்கவில்லை என்று காட்டுவது மென்மை அல்ல, பொய். 2013இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, அதிகம் ஓடிய 'பி.ஜி.-13' படங்களில் துப்பாக்கி வன்முறை 1985க்குப் பிறகு மூன்று மடங்குக்கும் மேல் பெருகிவிட்டதாகக் கணக்கிட்டது. எண் மாறவில்லை, எண்ணுக்குள் இருக்கும் சரக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மூன்றாம் படி: இன்னொரு நாட்டின் சான்றிதழையும் பாருங்கள்

இது நான் தவறாமல் செய்யும் வேலை. இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஒரே படத்துக்கு இரண்டு நாடுகள் கொடுத்த வயதை ஒப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் பெரிதாகக் கவலையில்லை. ஒத்துப்போகாவிட்டால் படம் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பொருள். அப்போது கூடுதலான வயதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

2022இல் வந்த 'தி பேட்மேன்' அமெரிக்காவில் 'பி.ஜி.-13', பிரிட்டனில் 15. 2016இன் 'சூசைட் ஸ்குவாட்' படத்துக்கும் அதே இடைவெளி. ஓரிடத்தில் பத்து வயதுச் சிறுவன் தனியாகவே போய் உட்காரக்கூடிய படம், இன்னோரிடத்தில் பெற்றோருடன் போனாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் படம். இந்த உத்தி எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்லமாட்டேன். 2008இன் 'தி டார்க் நைட்' இரண்டு நாடுகளிலும் 13, 12ஏ என்று ஏறக்குறைய ஒரே அளவில்தான் வெளியானது. அந்த ஆண்டு பிரிட்டன் தணிக்கை அமைப்புக்கு மிக அதிகமான புகார் வந்ததும் அந்தப் படத்தைப் பற்றித்தான்.

நான்காம் படி: உடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சான்றிதழ் படத்துக்குத்தான்; பாத்திரத்துக்கு அல்ல. பிள்ளையின் பனியனிலும் பென்சில் பெட்டியிலும் இருக்கும் அதே முகம், 'ஆர்' படத்தின் நாயகனாகவும் இருக்கும். 'எக்ஸ்-மென்' 2000இல் 13க்கான படம். அதில் வந்த அதே நாயகன் வுல்வரின் 2017இல் 'லோகன்' படத்தில் வந்தபோது 'ஆர்'. வண்ணச் சட்டையும் நகைச்சுவையுமாக இருந்ததால் 2016இல் 'டெட்பூல்' படத்தைக் குழந்தைகள் படம் என்று நம்பிய பெரியவர்கள் எத்தனையோ பேர். அதன் இரண்டாம் பாகத்தைப் பின்னர் வெட்டித் திருத்தி, 2018 டிசம்பரில் 13க்கான வடிவம் ஒன்றையும் வெளியிட்டார்கள். ஆக, ஒரே படம் இரண்டு வயதுகளுக்கு.

நகைச்சுவை இன்னொரு பொறி. கொலை நடந்தவுடன் ஒரு சிரிப்பு வசனம் வந்தால் நமக்கு இறுக்கம் தளர்கிறது. பிள்ளைக்கோ கொல்வது வேடிக்கை என்று பதிகிறது.

ஐந்தாம் படி: உங்கள் பிள்ளையைப் படியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

மூன்று முதல் ஆறு வயது வரை பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதைத்தான் நம்புகிறார்கள். சாதாரண மனிதன் ஒருவன் பச்சை நிறப் பூதமாக மாறும் 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' தொலைக்காட்சித் தொடரை வைத்து ஸ்பார்க்ஸ், ஜோஆன் கேன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. பெரிய பிள்ளைகள், நாயகனுக்கு ஆபத்து வரப்போகிறதே என்று அவன் மாறுவதற்கு முன்னால் பயந்தார்கள். சின்னஞ்சிறுசுகள் அவன் பச்சை உருவமாக மாறிய பிறகுதான் பயந்தார்கள். அவன் நல்லவன், காப்பாற்ற வந்திருக்கிறான் என்பது அவர்களுக்கு எட்டவே இல்லை. நல்லவன் முகம் போய் ஒரு பூதம் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். "அது ஹீரோதான், பயப்படாதே" என்று இருட்டில் காதோரம் சொல்வது அந்த வயதில் பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

நாயகனைப் பார்த்து நல்லதைக் கற்றுக்கொள்வார்கள் என்ற வாதமும் இந்த வயதில் நிற்பதில்லை. 2017இல் அமெரிக்காவில் பள்ளி செல்லத் தொடங்காத 240 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், சூப்பர்ஹீரோ நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்களிடம் ஓராண்டு கழித்து அடிதடிப் போக்கு அதிகம் தென்பட்டது. பிறருக்கு உதவுவதோ, அடிபடும் பிள்ளைக்காகப் பரிந்து நிற்பதோ கூடவில்லை. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, படம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் குத்து எளிதாகப் பதிகிறது, அது எதற்காக விழுந்தது என்பது பதியவில்லை.

ஏழிலிருந்து ஒன்பது வரை கதை புரியத் தொடங்கும். கூடவே 'இது நமக்கும் நடக்குமோ' என்ற பயமும் தொடங்கும். என் அக்கா மகன் மாட்டிக்கொண்டது இங்கேதான். வேற்றுக்கிரகத்தான் அவன் வீட்டுக்கு வரமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். அம்மா எழுந்திருக்காமல் போகலாம் என்பது அவனுக்குப் புதுச் செய்தி.

பத்து, பன்னிரண்டு வயதில் பயத்தைவிட நண்பர்களின் பேச்சு பெரிதாகிவிடுகிறது. பயந்தாலும் சொல்லமாட்டார்கள். பதின்மூன்றுக்கு மேல் நான் கவனிப்பது பயத்தை அல்ல, ரசனையை. பழிவாங்குவதை நியாயம் என்று படம் நம்ப வைக்கிறதா, அதைப் பிள்ளை கேள்வி கேட்கிறானா என்று பார்ப்பேன்.

வயதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வீட்டில் அண்மையில் யாராவது இறந்திருக்கிறார்களா, அம்மாவோ அப்பாவோ மருத்துவமனையில் இருந்தார்களா, பிள்ளை விபத்து எதையாவது நேரில் பார்த்ததா? ஆம் என்றால் சான்றிதழில் எந்த எண் இருந்தாலும் படத்தைத் தள்ளிப் போடுங்கள்.

ஆறாம் படி: முன்பே பார்த்தவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"குழந்தைகள் பார்க்கலாமா?" என்று கேட்டால் "தாராளமாகப் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. இப்படிக் கேளுங்கள்: யார் சாகிறார்கள்? சாகும்போது முகத்தைக் காட்டுகிறார்களா? குழந்தைக்கோ விலங்குக்கோ ஏதாவது ஆகிறதா? அப்பா அம்மாவுக்கு? யாரையாவது கட்டிப்போட்டு வதைக்கிறார்களா? படம் எந்த மனநிலையில் முடிகிறது? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. கதை பாதியில் அறுந்து, அடுத்த பாகத்துக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டுமென்றால், நல்லவர்கள் தோற்ற நிலையிலேயே பிள்ளை வீடு திரும்புவான்.

ட்ரெய்லரை நம்பி முடிவெடுக்காதீர்கள். எல்லோருக்கும் காட்டுவதற்கென்று வடிகட்டிய ட்ரெய்லர், படத்தின் கடுமையைச் சொல்லாது. முடிந்தால் நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள். மூன்று மணி நேரம் போகும்தான்.

ஏழாம் படி: திரையரங்கில்

நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். எழுந்து வெளியே போவது எளிதாக இருந்தால்தான் போவீர்கள். நடுவில் உட்கார்ந்தால் பத்து முழங்கால்களைத் தாண்ட வேண்டுமே என்று சகித்துக்கொள்வீர்கள். படம் தொடங்கும் முன்பே பிள்ளையிடம் ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள், கையை இரண்டு முறை அழுத்தினால் வெளியே போகிறோம் என்று. ஏன் என்று அங்கே கேட்காதீர்கள், போய்விடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

ஒலியைப் பற்றிச் சான்றிதழ் எதுவும் சொல்வதில்லை. சின்னக் காதுகளுக்கு அது தனி வன்முறை. விட்டு விட்டு மின்னும் வெளிச்சத்தையும் கவனியுங்கள். 2018இல் 'இன்கிரெடிபிள்ஸ் 2' அமெரிக்காவில் 'பி.ஜி.' பெற்ற, குழந்தைகளுக்கான படம்தான். ஆனால் அதிலிருந்த ஒளி மின்னல்களால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் திரையரங்குகளில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டியதாயிற்று.

எட்டாம் படி: வீட்டில்

திரையரங்கில் பார்த்த படமும் வீட்டில் ஓடும் படமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2016இன் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' திரையரங்கில் 'பி.ஜி.-13', வீட்டுக்கு வந்த நீளமான வடிவம் 'ஆர்'. 'நீட்டிக்கப்பட்ட', 'முழுமையான' என்ற அடைமொழிகள் இருந்தால் சான்றிதழை மறுபடி பாருங்கள்.

ஓடிடி கணக்கில் பிள்ளைக்குத் தனிப் பக்கம் திறந்து, வயது வரம்பைக் குறித்து, உங்கள் பக்கத்துக்குப் பூட்டு எண் போடுங்கள். பிறந்த ஆண்டைப் பூட்டு எண்ணாக வைக்காதீர்கள், எட்டு வயதுப் பிள்ளை முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். இந்தியாவில் 2021இன் விதிகள்படி, 'யு/ஏ 13+' முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டியது ஓடிடி தளத்தின் கடமை. வசதி இருக்கிறது, அதைப் போட்டுவைப்பது நம் வேலை. ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

ஒன்பதாம் படி: "எல்லோரும் பார்த்துவிட்டார்கள்" என்று வரும்போது

எல்லோரும் பார்த்திருக்கமாட்டார்கள், ஆனால் அதை வாதாடி நிரூபிக்க வேண்டாம். "உனக்கு வயது போதாது" என்ற பதிலும் வேண்டாம், பத்து வயதுக்காரருக்கு அது அவமானம். "அந்தப் படத்தில் ஒருவனைக் கட்டிப்போட்டு வதைக்கும் காட்சி இருக்கிறது, அது எனக்கே பிடிக்கவில்லை" என்று காரணத்தைச் சொல்லுங்கள். எப்போது பார்க்கலாம் என்று நாள் குறித்துக் கொடுங்கள்; அந்த நாள் வந்ததும் நீங்களே நினைவுபடுத்திக் கூட உட்கார்ந்து பாருங்கள். சொன்ன நாளை நாம் மறந்துவிட்டால் அடுத்த முறை நம்மிடம் கேட்கமாட்டார்கள், நண்பன் வீட்டில் பார்த்துவிடுவார்கள். இதற்கிடையில் கதையைக் கேட்டால் சொல்லிவிடுங்கள். பள்ளியில் பேச்சுக்கு ஆவதுதான் அவர்களுக்குப் பாதித் தேவை.

பத்தாம் படி: பார்த்தாகிவிட்டது, பயந்துவிட்டான். இனி?

"வெறும் சினிமாதானே" என்று சொல்லாதீர்கள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் பயமாக இருப்பதுதான் அவனுடைய சிக்கல். சிறு பிள்ளைகளுக்கு விளக்கத்தைவிடப் பக்கத்தில் இருப்பதும், விளக்கைப் போட்டு வைப்பதும், படம் வரையக் கொடுப்பதும் உதவும். எட்டு வயதுக்கு மேல் பேச்சு உதவும். எந்த இடத்தில் பயம் வந்தது என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த காட்சியாக அது பெரும்பாலும் இருக்காது. அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்ற படப்பிடிப்புக் காணொளியைப் பெரிய பிள்ளைகளுக்குக் காட்டலாம். சின்னவர்களுக்கு அதுவே இன்னொரு பயமாகிவிடக்கூடும். சில வாரங்கள் கடந்தும் தூக்கமோ சாப்பாடோ சீராகவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

என் அக்கா இரண்டாம் நாளிரவே விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மூக்கருகே வந்த கையைத் தள்ளவுமில்லை, திட்டவுமில்லை. மறுநாள் மாலை அவனை மடியில் உட்கார வைத்து, "ராத்திரி வந்து பார்க்கிறாயே, இனிமேல் என்னை எழுப்பியே பார்" என்றாள். அன்றிரவு எழுப்பினான். "இருக்கிறேன்டா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அடுத்தடுத்த இரவுகளிலும் அப்படியே. எட்டாம் நாள் அவன் வரவில்லை. அவள்தான் எழுந்து போய் அவன் தூங்குகிறானா என்று பார்த்தாளாம்.